மருந்தை நிறுத்தியவன் மட்டும்தான் குற்றவாளியா?

"ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா?"

கால் விரலை அகற்ற வேண்டிய கட்டத்தில் மருத்துவமனைக்கு வருகிற சர்க்கரை நோயாளியிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ரத்தக் கொதிப்பு முற்றி, கை கால் விளங்காமல் படுத்திருப்பவரின் மகனிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒருமுறை குணமாகி, காசநோய் திரும்பவும் வந்தவரிடமும் இதே கேள்விதான். டாக்டர் கேட்கிறார். நர்ஸ் கேட்கிறார். ஆப்பிள் வாங்கிக் கொண்டு பார்க்க வருகிற உறவினர்களும் கேட்கிறார்கள். கடைசியில் நோயாளி தலையைக் குனிந்து கொண்டு, "என் மேல்தான் தப்பு" என்கிறார். வழக்கு முடிந்தது. தீர்ப்பும் எழுதியாகி விட்டது.

ஆனால் விசாரணை நடந்ததா? "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்டவர்கள், அவர் சொன்ன பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்களா?

காசநோய் ஒழிப்புத் திட்டத்தில், மருந்தை இடையில் நிறுத்தியவருக்குப் பல்லாண்டு காலம் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'டிஃபால்ட்டர்' என்பது அந்தப் பெயர். நம்முடைய வணிகப் பெருமக்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வங்கியில் கடன் வாங்கி விட்டுத் தவணை கட்டாதவனுக்குச் சூட்டுகிற பட்டம் அது. நுரையீரல் நோயோடு போராடுகிற கூலித் தொழிலாளிக்கும் அதே பட்டம்! 2013ஆம் ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சொல்லைக் கைவிட்டு, 'தொடர்பு விடுபட்டவர்' என்று மாற்றியது. பதிவேட்டில் சொல் மாறியது. எண்ணம் மாறியதா? அந்த எண்ணத்தோடுதான் இந்தக் கட்டுரை மோதுகிறது.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான்

முதலில் ஓர் உண்மையைப் புரிந்து கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே, நீண்ட காலம் மருந்து சாப்பிட வேண்டிய நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று அது கூறியது. ஏழை நாடுகளில் நிலைமை இன்னும் மோசம் என்றும் கூறியது.

பாதிப் பேர்! படிப்பும் வசதியும் உள்ள நாடுகளில்! அப்படியானால், "நம்ம ஜனங்களுக்குப் புத்தி இல்லை", "படிப்பறிவு இல்லாத சமுதாயம்" என்றெல்லாம் பேசுகிறவர்கள் எதை வைத்துப் பேசுகிறார்கள்? நூற்றில் இரண்டு பேர் இடறி விழுந்தால், பார்த்து நடக்கவில்லை என்று சொல்லலாம். நூற்றில் ஐம்பது பேர் ஒரே இடத்தில் விழுந்தால் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

நம் தமிழகத்தின் நிலை என்ன? மாநிலத்தில் 2020ல் நடந்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருப்பது தெரிய வந்தது. மீதிப் பேரில் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மருந்து எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பலர் பாதியில் விட்டு விட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் தோற்கிற பரீட்சையில் மாணவனை மட்டும் அடிப்பது என்ன நியாயம்?

சென்னையின் ஏழைகள் காட்டிய பாடம்

"ஏழைக்கு எவ்வளவு செய்தாலும் ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டான்" என்பவர்களுக்குச் சென்னையே பதில் சொல்லி இருக்கிறது.

1956ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து, சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். நல்ல உணவு, நல்ல காற்று, முழு ஓய்வு இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று உலகமே நம்பிக் கொண்டிருந்தது. இந்த ஆய்வில் சென்னை நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை, நெருக்கடியான அவர்களுடைய வீடுகளிலேயே விட்டு, ஒரு வருட காலம் மருந்து கொடுத்தார்கள்.

முடிவு 1959ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களோடு கிட்டத்தட்டச் சமமாகக் குணமடைந்திருந்தார்கள்! உலக நாடுகளின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இது எப்படி முடிந்தது? அன்றைய மாத்திரைகள் வயிற்றைப் புரட்டக் கூடியவை. எண்ணிக்கையும் அதிகம். நோயாளிகள் மருந்தை விட்டு விடுவார்கள் என்பது ஆய்வாளர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதனால் மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள். வீடு தேடிப் போனார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரை விட்டு விடாமல் தேடிப் பிடித்தார்கள்.

அதாவது, மருந்து சாப்பிட வைப்பதையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக் கொண்டார்கள். இன்று நடப்பது என்ன? சீட்டை எழுதிக் கொடுத்ததோடு டாக்டரின் வேலை முடிகிறது. மாத்திரையைக் கொடுத்ததோடு கடைக்காரரின் வேலை முடிகிறது. அதற்கு மேல் எல்லாமே நோயாளியின் தலையில்!

உண்மையான டிஃபால்ட்டர் யார்?

காசநோய் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி விடலாம். அப்படி மாறிய கிருமி அவரோடு நிற்காது. வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். அதனால்தான், "ஒரு நாள் கூட விடாதே" என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். சொல்வது சரிதான்.

ஆனால் நோயாளிக்கு இந்தக் கண்டிப்பைப் போதித்த அரசாங்கம் என்ன செய்தது? 2023, 2024ஆம் ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் காசநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. 2024 மார்ச் மாதத்தில், மூன்று மாதத்துக்குத் தேவையான மருந்துகளை உள்ளூரிலேயே வாங்கிக் கொள்ளுங்கள் என்று மத்திய அரசே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை! 2025க்குள் காசநோயை ஒழித்து விடுவோம் என்று மேடை போட்டு முழங்கியதும் இதே அரசுதான்.

வேலையை விட்டு விட்டு, பஸ் ஏறி வந்து, "மருந்து இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வா" என்ற பதிலோடு திரும்பிப் போனவரை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்? அவர் மருந்தை விட்டாரா? அவரை மருந்து விட்டதா? நோயாளி ஒரு வாரம் தவறினால் டிஃபால்ட்டர். அரசாங்கம் தவறினால் அதற்கு என்ன பெயர்?

இரண்டு நிமிட வைத்தியம்

2017ல் பல நாடுகளின் டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்ற கணக்கு வெளிவந்தது. இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கு, சுமார் இரண்டு நிமிடம்! இந்த இரண்டு நிமிடத்துக்குள் நோயைச் சொல்ல வேண்டும், பார்க்க வேண்டும், எழுத வேண்டும். மாத்திரையைப் பற்றிப் பேச நேரம் ஏது?

பேசாததால் என்ன நடக்கிறது தெரியுமா?

காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். இது மருந்தின் நிறம், பயப்படத் தேவையில்லை. ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்துவாரா, மாட்டாரா?

ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் தரும். எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். டாக்டரிடம் போய்ச் சொன்னால் வேறு மருந்து மாற்றித் தருவார். இப்படி வரலாம், வந்தால் வந்து சொல் என்று ஒரு வார்த்தை சொல்லாததால், மருந்தே விஷம் என்று முடிவு கட்டித் தூக்கி எறிகிறார்.

சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு சேர்த்து, குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகி விடும். சொன்னவர் யார்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆரம்பத்தில் வலிக்காத நோய்கள். தலைவலி மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் பலன் தெரிகிறது. பிரஷர் மாத்திரை போட்டால் எந்தப் பலனும் தெரியாது. பத்து வருடம் கழித்துப் பக்கவாதம் வராமல் இருப்பதுதான் அதன் பலன்! வராத ஒன்றை யார் கண்ணால் பார்க்க முடியும்? "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை?" என்று அவர் கேட்பது முட்டாள்தனமா? நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஆளில்லை என்பதுதான் அவலம்.

"மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டே கிட்னி போய் விடும்" என்ற பேச்சு இல்லாத தெரு இருக்கிறதா? சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். அதைத் தடுக்கத்தான் மாத்திரை. கிட்னியைக் காப்பாற்றுகிற மாத்திரையை, கிட்னிக்குப் பயந்தே நிறுத்துகிறார்கள்! இந்தப் பொய் தெருத் தெருவாகப் போகிறது. இதை மறுக்க வேண்டிய உண்மை, டாக்டரின் அறையை விட்டு வெளியே வரவில்லை.

சீட்டின் லட்சணமோ கேட்கவே வேண்டாம். மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016லேயே மருத்துவக் கவுன்சில் விதி போட்டது. எத்தனை சீட்டில் அப்படி இருக்கிறது? மாத்திரை அட்டையில் இருப்பது ஆங்கிலம். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நான்கைக் கொடுத்தால், பெயர் ஒரு துண்டில், தேதி இன்னொரு துண்டில். அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை, வேறு நிறம், வேறு பெயர். பழையதும் புதியதும் ஒன்றுதான் என்று தெரியாமல் இரண்டையும் சாப்பிடுகிற முதியவர்கள் இருக்கிறார்கள்.

விலை என்ற சாட்டை

1979ல் 347 மருந்துகளின் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1987ல் அது 142 ஆகக் குறைக்கப்பட்டது. 1995ல் 74 ஆனது. 2013ல் அத்தியாவசிய மருந்துகளை விலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தோம் என்றார்கள். ஆனால் தயாரிப்புச் செலவைப் பார்த்து உச்ச விலையை நிர்ணயிக்கவில்லை. சந்தையில் கம்பெனிகள் ஏற்கனவே வைத்திருந்த விலைகளின் சராசரியைப் பார்த்து நிர்ணயித்தார்கள். விற்பவன் வைத்த விலைக்கு அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது! அதன் பிறகும், 2022 ஏப்ரலில் 10 சதவீதத்துக்கு மேலும், 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேலும் அந்த உச்ச விலைகளை உயர்த்திக் கொள்ள அனுமதி தரப்பட்டது.

கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து, மூலப் பெயரில் மருந்துகள் விற்கப்பட வேண்டும் என்று ஹாத்தி கமிட்டி 1975லேயே சொன்னது. டாக்டர்கள் மூலப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டு வந்தது. அதே மாதத்திலேயே அதை நிறுத்தி வைத்தது! யாருடைய நிர்ப்பந்தம் என்று நாம் சொல்ல வேண்டுமா?

2021-22ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படியே, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது. அதில் பெரும் பங்கு மருந்துக்குப் போகிறது. மாதக் கடைசியில் மளிகையா மாத்திரையா என்று வரும்போது குடும்பத் தலைவன் எதை வெட்டுவான்? தினம் இரண்டு என்பதை ஒன்றாக்குவான். ஒன்றை ஒன்றுவிட்ட நாளாக்குவான். இதற்குப் பெயர் அலட்சியமா?

நியாயமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் 1994ல் உருவாக்கப்பட்ட மருத்துவ சேவைக் கழகத்தால் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. 2008ல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மூலப் பெயர் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நல்லதை நல்லது என்போம். ஆனால் வீடு தேடி மருந்து வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர் யார்? உங்கள் கடையில் நின்று கொண்டிருப்பவர்! இனிப் பேச வேண்டியது உங்களோடுதான்.

வணிகப் பெருமக்களே, உங்களிடம் சில கேள்விகள்

உங்கள் ஜவுளிக்கடையில், செருப்புக் கடையில், பாத்திரக் கடையில், ஓட்டலில் வேலை பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது? தெரியுமா?

"சாப்பாட்டுக்கு முன்", "சாப்பாட்டுக்குப் பின்" என்று டாக்டர் எழுதுகிறார். சாப்பாடு எப்போது என்பதை யார் எழுதுகிறார்கள்? நீங்கள்! கூட்டம் குறைந்தால்தான் சாப்பாடு. பெருநாள், தீபாவளி, முகூர்த்த நாள் என்றால் மாலை நான்கு மணிக்கும் வயிறு காலி. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டு விட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், மயங்கி விழவும் நேரும். ஒருமுறை வாடிக்கையாளர் முன்னால் அப்படி மயங்கி விழுந்தவர் மறுநாள் முதல் என்ன செய்வார்? வேலையைக் காப்பாற்றிக் கொள்ள மாத்திரையை விடுவார். அவர் விட்டாரா, நீங்கள் விட வைத்தீர்களா?

ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிகிற மாத்திரை கொடுக்கிறார்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். உங்கள் கடையில் வேலை பார்க்கிற பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? இருந்தாலும், மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் போய் வர முடியுமா? முடியாதவர் தண்ணீரையும் குறைப்பார், மாத்திரையையும் நிறுத்துவார்.

அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் வந்து மாத்திரை வாங்க வேண்டும். சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அரை நாள் போய் விடும். அந்த அரை நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கிறீர்களா, இல்லையா? இலவச மாத்திரையின் விலை அரை நாள் கூலி! அந்த விலையை வைத்தது அரசாங்கமா, நீங்களா?

நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். உட்கார நாற்காலி கொடுப்பதற்கே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது என்றால், அது வியாபாரிகளுக்குப் பெருமையா? வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள், தொழிலாளி மாத்திரை விழுங்குவதற்கு நேரம் கொடுக்கச் சட்டத்துக்காகக் காத்திருக்கலாமா?

மருந்துக்கடை நடத்துகிற சகோதரர்களே! அதிக லாபம் உள்ள கம்பெனி மாத்திரையை அலமாரி முன்னால் அடுக்கி, மலிவானதைப் பின்னால் ஒளித்து வைப்பதும், "அது ஸ்டாக் இல்லை" என்பதும் எந்த வகை வியாபாரம்? மாத்திரை உறையில் தமிழில், 'காலை, இரவு, சாப்பிட்ட பின்' என்று எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதுமே! "1-0-1" என்று கிறுக்கிக் கொடுத்தால் உங்கள் தாயாருக்குப் புரியுமா?

வீட்டுக்குள்ளும் பாருங்கள். மாத்திரை தீர்ந்ததை மகனிடம் சொல்லத் தயங்கி, நாலு நாள் சும்மா இருக்கிற தாய்மார்கள் நம் வீடுகளில் இல்லையா? "பிள்ளைக்கு என்ன கஷ்டமோ" என்று அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். துபையிலும் ரியாதிலும் இருக்கிற மகன் பணம் அனுப்பி விட்டேன் என்று நிம்மதியாக இருப்பார். கடைக்குப் போய் வாங்கி வர ஆள் இருக்கிறதா என்று கேட்டாரா?

மார்க்கத்தின் பெயரால் ஒரு வியாபாரம்

"மாத்திரையைத் தூக்கிப் போடு. மூன்று மாதத்தில் சர்க்கரையை வேரோடு அறுக்கிறேன்" என்று ஒரு கூட்டம் கிளம்பி இருக்கிறது. சிலர் மூலிகை என்கிறார்கள். சிலர் ஓதிய தண்ணீர் என்கிறார்கள். சிலர் கருஞ்சீரகப் பாட்டிலில் 'நபிவழி மருத்துவம்' என்று லேபிள் ஒட்டி, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். சர்க்கரை நோயையும் ரத்தக் கொதிப்பையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டம் தூங்குகிறது. வியாபாரம் நடக்கிறது.

நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்று வழிகாட்டியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தப் பெருமானாரின் பெயரைச் சொல்லியே நோயாளியின் கையிலிருந்து மருந்தைப் பிடுங்குகிறார்களே, இதை விடக் கொடுமை உண்டா? அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பது என்றால் மாத்திரையை நிறுத்துவது என்று எந்த மத்ரஸாவில் கற்றுக் கொடுத்தார்கள்? கடைக்குப் பூட்டுப் போட்டு விட்டுத்தானே 'அல்லாஹ் பார்த்துக் கொள்வான்' என்கிறீர்கள்? உடம்புக்கு மட்டும் பூட்டு வேண்டாமா?

இதில் ஏமாந்தவரையும் திட்டாதீர்கள். டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார், போலி வைத்தியர் இரண்டு மணி நேரம் பேசினார். டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை, போலி தோளில் கை போட்டார். மக்கள் எங்கே போவார்கள்?

ரமளானும் மாத்திரையும்

2001ல் இந்தியா உட்பட 13 நாடுகளில், சர்க்கரை நோயுள்ள 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முதியவர்களுக்கு அதிகம் வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ரமளானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு வைத்திருந்தார்கள். அவர்களில், சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்களின் விகிதம், மற்ற மாதங்களை விட ஏழு மடங்குக்கும் மேல்!

காரணம் என்ன? மூன்று வேளை மாத்திரையைத் தாமாகவே இரண்டு வேளையாக மாற்றிக் கொள்கிறார்கள். பகலில் விட்டதைச் சேர்த்து சஹரில் இரட்டிப்பாக விழுங்குகிறார்கள். சிலர் ஒரு மாதமும் மாத்திரையைத் தொடுவதே இல்லை. டாக்டரிடம் கேட்பதில்லை. "நோன்பு வைக்காதே" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்து விடுவார் என்ற பயம். ஆலிமிடமும் கேட்பதில்லை. ஈமான் குறைந்தவன் என்று நினைத்து விடுவாரோ என்ற கூச்சம்.

நோயாளி வேறு நாட்களில் நோன்பைக் கணக்கிட்டுக் கொள்ளலாம் என்ற சலுகையைத் தந்தது டாக்டர் அல்ல. திருக்குர்ஆன் (2:184, 185) தந்தது. படைத்தவன் தந்த சலுகையை வேண்டாம் என்பது பக்தியாகுமா? நோன்பு வைக்கக் கூடிய நிலையில் உள்ளவர்களும், ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்று எழுதி வாங்க வேண்டும். விரலில் குத்தி ரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. இதை எத்தனை ஜும்ஆ மேடைகளில் சொல்லி இருக்கிறோம்? நோன்புக் கஞ்சிக்கு எத்தனை மூட்டை அரிசி என்று மூன்று கூட்டம் போடுகிற ஜமாஅத்துகள், மஹல்லாவில் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்காக ஷஅபானில் ஒரு கூட்டம் போடக் கூடாதா?

என்ன செய்யப் போகிறோம்?

"அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் கடமை முதலில் அவருடையதே. மருந்து ஒத்துக் கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் கடமையைச் செய்ய விடாமல் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி விட்டு, கடமையைப் பற்றி உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

அரசிடம் கேட்போம். காசநோய் மருந்து ஒரு நாள் கூட இல்லை என்ற பேச்சு வரக் கூடாது. நிறுத்தி வைத்த மூலப் பெயர் விதியை நடைமுறைக்குக் கொண்டு வர வேண்டும். மாத்திரை உறையில் தமிழில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். வீடுகளுக்கு வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' கடைத்தெருவுக்கும் வர வேண்டும். மாலையிலும் விடுமுறை நாளிலும் மாத்திரை வழங்க வேண்டும்.

வணிகர்களிடம் கேட்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு நேரம் குறியுங்கள், கூட்டம் இருந்தாலும் அதை மாற்றாதீர்கள். மருத்துவமனைக்குப் போகிற அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். ஊழியரின் இன்சுலினை வைக்கக் கடையின் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மூலை ஒதுக்குங்கள். ஜகாத்தில் சேலையும் கைலியும் வருடத்துக்கு ஒரு நாள் கொடுக்கிறீர்கள். மாத்திரை வருடம் முழுக்க, ஒவ்வொரு நாளும் வேண்டும். ஜகாத் பெறத் தகுதி உள்ளோரில் முதலில் வருவோர் ஏழைகளும் தேவையுடையோரும். மாத்திரை வாங்க முடியாத ஏழைக்கு அதில் இடமில்லையா? பைத்துல்மாலில் இதற்கென்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் முன்வாருங்கள். நோயாளி இருக்கிற வீட்டின் கதவைத் தட்டுங்கள். மாத்திரை தீர்ந்து விட்டதா, என்றைக்குத் தீரும் என்று கேளுங்கள். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படித்துச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குத் தனியாகப் போக முடியாதவரோடு கூடப் போங்கள். மாத்திரையை நிறுத்தியவரைக் கண்டால் முதலில் ஸலாம் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து, "என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை பொய் சொல்வார், "சாப்பிடுகிறேன்" என்று.

அவர் சொல்கிற காரணத்தை எழுதிக் கொள்ளுங்கள். நோய் பற்றிய விவரம் அவருடைய மானம். அதைத் தெருவில் பேசாதீர்கள். ஆனால் காரணங்களை எண்ணுங்கள். பத்து வீட்டுக் காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால், எத்தனை அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்கின்றன, எத்தனை நம் கடை வாசலில், எத்தனை நம் பள்ளிவாசலில் என்று தெரிந்து விடும். அரசாங்கத்தின் வாசலுக்கு மனுவோடு போவோம், தேவைப்பட்டால் போராட்டத்தோடும் போவோம். நம் வாசலில் நிற்பவற்றை நாமே தீர்ப்போம். அடுத்த ஜும்ஆவுக்குள் தொடங்குங்கள்.